டெர்மக்ஸில் லிங்கர் வார்னிங் ஓயவே இல்லை, எப்படி நிறுத்துவது?

#1 செல்வி_டீச்சர்

வணக்கம். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமைகளில் சி நிரலாக்கம் சொல்லித் தருகிறேன். எல்லார் வீட்டிலும் கணினி இல்லை, போன் இருக்கிறது. அதனால் டெர்மக்ஸ் (போனில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் செயலி) போட்டு, அதில் கிளாங் என்ற சி கம்பைலரை வைத்துத்தான் வகுப்பு ஓடுகிறது. பெரும்பாலும் அண்ணனோ அக்காவோ வைத்திருந்து கைமாறி வந்த போன்கள், ஆண்ட்ராய்டு 8, 9 என்று இருக்கும்.

எந்த நிரலை கம்பைல் செய்து ஓட்டினாலும், வெறும் "வணக்கம்" என்று அச்சிடுகிற நிரலாக இருந்தாலும், முதல் வரியாக இது வந்து நிற்கிறது:

வார்னிங்: லிங்கர்: (முழுப் பாதை)/ஏ.அவுட்: அன்சப்போர்ட்டட் ஃபிளாக்ஸ் டிடி_ஃபிளாக்ஸ்_1=0எக்ஸ்8000001

நிரல் ஒழுங்காக ஓடுகிறது, விடையும் சரியாக வருகிறது. ஆனால் பிள்ளைகள் தாங்கள் ஏதோ தப்பாக எழுதிவிட்டதாக நினைத்து நிரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அதைவிடப் பெரிய தொல்லை, விடையைச் சரிபார்க்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். நிரலின் வெளியீட்டை 2>&1 போட்டு, வழக்கமான வெளியீட்டையும் பிழைச் செய்தியையும் சேர்த்து ஒரு கோப்பில் பிடித்து, சரியான விடைக் கோப்போடு ஒப்பிடும். இந்த ஒரு வரியால் சில போன்களில் எல்லாமே தவறு என்று காட்டுகிறது. அதே நிரல் பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் புதுப் போனில் பாஸ் ஆகிறது. இதை எப்படி நிறுத்துவது?

#2 நெல்லைத்தம்பி

ஓட்டும்போது 2> போட்டு டெவ் நல்லுக்கு (எழுதியதெல்லாம் மறைந்துபோகும் இடம்) அனுப்பி விடுங்கள் டீச்சர், வேலை முடிந்தது.

#3 செல்வி_டீச்சர்

அது முடியாது தம்பி. உள்ளீடு தப்பாக இருந்தால் பிழைச் செய்தியை ஸ்டாண்டர்ட் எர்ரரில் (பிழைகளுக்கான தனி வெளியீடு) எழுத வேண்டும் என்பதுதான் இந்த மாதப் பாடமே. அதை மூடிவிட்டால் பிள்ளைகள் எழுதியதும் சேர்ந்து போய்விடும். கிரெப் போட்டு அந்த வரியை மட்டும் வடிகட்டலாம், ஆனால் அப்படிச் செய்தால் ஸ்கிரிப்ட் ஓடும்போதுதான் வராது, பிள்ளை தானாக ஓட்டிப் பார்க்கும்போது மறுபடி வரும்.

#4 பைட்டுப்பித்தன்

டீச்சர் சொல்வது சரி. இதை வெளியீட்டில் வடிகட்டுவது தப்பான இடம். முதலில் இந்த வரியை எழுதுவது யார் என்று பார்த்துவிடலாம்.

ஒரு நிரலை ஓட்டும்போது இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். முதலில் கெர்னல், இயக்க முறைமையின் மையப் பகுதி. அது கோப்பின் தலைப்பைப் படித்து, இது எல்ஃப் (லினக்ஸ், ஆண்ட்ராய்டு நிரல் கோப்புகளின் வடிவம்) வகைதான் என்று பார்த்து, துண்டுகளை நினைவகத்தில் பொருத்துகிறது. கோப்புக்குள்ளேயே "என்னை ஓட்ட இந்த லிங்கரைக் கூப்பிடு" என்று ஒரு பாதை எழுதியிருக்கும், 64 பிட் ஆண்ட்ராய்டில் அது சிஸ்டம் பின் அடைவில் இருக்கிற லிங்கர்64. கெர்னல் அதையும் ஏற்றி வைத்துவிட்டு, ஓட்டத்தை அதன் கையில் கொடுத்துவிடும். இரண்டாவது ஆள் அந்த லிங்கர். அது டைனமிக் பகுதி என்ற பட்டியலை வரிசையாகப் படித்து, எந்தெந்த லைப்ரரி வேண்டும், எங்கே என்ன முகவரியை நிரப்ப வேண்டும் என்று முடித்துவிட்டு, கடைசியில்தான் நம் மெயின் ஃபங்ஷனுக்கு வரும்.

இந்த வார்னிங் லிங்கருடையது. அது தனி பிராசஸ் கிடையாது, நம் நிரலின் அதே பிராசஸுக்குள்தான் ஓடுகிறது. அதனால் அது 2ம் எண் குழாயில், அதாவது ஸ்டாண்டர்ட் எர்ரரில், எழுதினால் நம் நிரல் எழுதியதுபோலவே வெளியே வரும். ஷெல் அதைப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

இப்போது அந்த எண். 8000001 என்பது பதினாறடிமான எண், இரண்டு பிட்கள் சேர்ந்தது. கடைசியில் இருக்கிற 1, "எல்லாக் குறியீடுகளையும் (வெளியிலிருந்து வரும் ஃபங்ஷன், மாறிப் பெயர்கள்) ஆரம்பத்திலேயே தீர்த்துவிடு" என்று சொல்கிற நவ் பிட். ஆண்ட்ராய்டு லிங்கர் எப்போதுமே அப்படித்தான் செய்கிறது, சோம்பல் முறை அதில் இல்லை, அதனால் இந்த பிட் அதற்குத் தெரிந்ததுதான். முன்னால் இருக்கிற 8000000 தான் பை பிட். "நான் பொசிஷன் இண்டிபெண்டன்ட் எக்ஸிக்யூட்டபிள், எந்த முகவரியில் வைத்தாலும் ஓடுவேன்" என்று சொல்கிறது.

இந்த பிட் எதற்கு என்றால், பை நிரலும் ஷேர்ட் லைப்ரரியும் எல்ஃப் தலைப்பில் ஒரே வகை எண்ணைத்தான் வைத்திருக்கும், இரண்டுக்கும் 3. பழைய நிலையான முகவரி நிரலுக்கு மட்டும் 2. ஒரு கோப்பு நிரலா லைப்ரரியா என்று பிரித்துச் சொல்ல இந்த பிட் உதவும். ஃபைல் கட்டளை "பை எக்ஸிக்யூட்டபிள்" என்று சொல்வதும் இதைப் பார்த்துத்தான். கணினி லினக்ஸில் இருக்கிற சி லைப்ரரியான ஜிலிப்சி, 2019ல் வந்த 2.30 பதிப்பிலிருந்து, இந்த பிட் இருக்கிற கோப்பை லைப்ரரி மாதிரி ஏற்றப் பார்த்தால் மறுத்துவிடும். ஆண்ட்ராய்டு லிங்கர் இதை வைத்து எதுவும் செய்வதில்லை, செய்யவும் வேண்டியதில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். 2014ல் ஆண்ட்ராய்டு 5.0 வந்தபோது, பை அல்லாத நிரலை ஓட்டவே மாட்டேன் என்று இந்த லிங்கர்தான் சட்டம் போட்டது. இன்று ஒரு நிரல் "நான் பை" என்று கையெழுத்துப் போட்டு வந்தால், அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாது என்று அதே லிங்கர் ஒவ்வொரு முறையும் சத்தம் போடுகிறது.

#5 நெல்லைத்தம்பி

அப்போ கம்பைல் செய்யும்போது நோ பை என்று கொடுத்தால் அந்த பிட் வராது இல்லையா அண்ணா?

#6 பைட்டுப்பித்தன்

பிட் வராது, நிரலும் ஓடாது. மேலே சொன்ன 5.0 சட்டம் அப்போது குறுக்கே வரும். வகை எண் 2 என்று பார்த்ததும் லிங்கர் "பை மட்டும்தான் ஏற்பேன்" என்று சொல்லி நிறுத்திவிடும், அது வார்னிங் இல்லை, எர்ரர்.

நமக்கு வேண்டியது பை நிரல், ஆனால் அந்த பிட் இல்லாத பை நிரல். அதைக் கையாலேயே செய்யலாம். ரீட்எல்ஃப் கட்டளையில் டைனமிக் பட்டியலைக் கேட்டால் ஃபிளாக்ஸ் 1 என்ற வரியில் "நவ் பை" என்று இரண்டும் இருக்கும். 64 பிட்டில் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் 16 பைட். முதல் எட்டு குறி, அடுத்த எட்டு மதிப்பு. ஹெக்ஸ் எடிட்டரில் போய்ப் பார்த்தால் மதிப்பு இப்படி இருக்கும்:

01 00 00 08 00 00 00 00

எண்ணின் கடைசி பைட் முதலில் வருவதால் 8000001 இப்படித் திரும்பி நிற்கிறது. அந்த 08ஐ 00 ஆக்கிச் சேமித்தால் முடிந்தது. ஒரே ஒரு பைட். கோப்பின் நீளம் மாறாது, வேறு எந்த இடமும் நகராது.

தினசரி வேலைக்கு இதைக் கையால் செய்யத் தேவையில்லை. டெர்மக்ஸ்காரர்களே இதற்கென்று டெர்மக்ஸ் எல்ஃப் கிளீனர் என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், டெர்மக்ஸின் பிகேஜி கட்டளையில் இன்ஸ்டால் செய்தாலே வந்துவிடும். அதற்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், ஆண்ட்ராய்டு லிங்கருக்குப் புரியாத டைனமிக் வரிகளை நீக்கி, புரியாத பிட்களையும் அணைத்துவிடும். டெர்மக்ஸ் தன் பொதிகளைக் கட்டும்போது கடைசியில் இதைத்தான் ஓட்டுகிறது. அதனால்தான் பிகேஜி வழியாக வந்த நிரல்கள் சத்தம் போடுவதில்லை, நாமே கட்டியது மட்டும் போடுகிறது. ரஸ்ட் மொழியில் கார்கோ என்ற கருவி வைத்துக் கட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

மேக்ஃபைலில் (நிரலைக் கட்டும் கட்டளைகளை எழுதி வைக்கும் கோப்பு) லிங்க் செய்யும் வரிக்கு அடுத்த வரியாக இதைப் போட்டுவிடுங்கள் டீச்சர், பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று நடக்கிறது என்றே தெரியாது.

#7 முகிலன்_வ

கருவி நல்லதுதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இதைத் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோப்பில் தப்பே இல்லை. கம்பைலரும் லிங்க் எடிட்டரும் (கட்டும்போது துண்டுகளை இணைக்கும் கருவி) செய்தது நியாயமான வேலை. தப்பு லோடரில், அதாவது ஓட்டும்போது நிரலை ஏற்றுகிற அந்த ஆண்ட்ராய்டு லிங்கரில். அதற்காக உலகத்தில் இருக்கிற எல்லா பைனரியையும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? லோடரிலிருந்து அந்த வார்னிங்கை எடுக்க வேண்டும், அதுதான் முறை.

#8 பைட்டுப்பித்தன்

எடுத்துவிட்டார்கள் நண்பரே, இன்னும் சரியாகச் சொன்னால் பை பிட்டை "தெரிந்த பிட்கள்" பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதனால்தான் புதுப் போனில் வரவில்லை. அந்தத் திருத்தத்தில் மொத்தமே பட்டியலில் ஒரு பெயர் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் லிங்கர் இருப்பது போனின் சிஸ்டம் பகுதியில். போன் தயாரித்தவர் புது ஆண்ட்ராய்டு கொடுத்தால்தான் அது மாறும், ஆண்ட்ராய்டு 8லேயே விட்டுப்போன போனுக்கு அது வரப்போவதில்லை. டீச்சர் வகுப்பில் இருக்கிறவை அந்தப் போன்கள்தான். திருத்தம் நடந்த இடமும் தொல்லை இருக்கிற இடமும் வேறு வேறாக இருக்கும்போது பைனரியைத் தொடுவது தவிர வேறு வழி கிடையாது.

#9 கடலோரம்

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். லோடரில் வார்னிங்கை எடுப்பது என்றாலே எல்லாரும் உடனே கை தட்டுகிறார்கள், அது எனக்குப் பயமாக இருக்கிறது.

இதே லிங்கரில் டெக்ஸ்ட் ரீலொக்கேஷன் பற்றி ஒரு வார்னிங் இருந்தது. "இது நினைவகத்தை வீணாக்குகிறது, பாதுகாப்பைக் கெடுக்கிறது, தயவுசெய்து சரிசெய்யுங்கள்" என்ற பொருளில் வரும். அதுவும் எல்லாருக்கும் தொல்லையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் பின்னால் உண்மையான விஷயம் இருந்தது. நிரலின் கட்டளைகள் இருக்கிற நினைவகப் பக்கங்களை ஏற்றும் நேரத்தில் எழுதித் திருத்த வேண்டுமென்றால், அந்தப் பக்கங்களை எழுதவும் விட வேண்டும், பிறகு ஓடவும் விட வேண்டும். தாக்குகிறவனுக்கு அதைவிட வசதி கிடையாது. எழுதிய பக்கம் ஒவ்வொரு பிராசஸுக்கும் தனிப் பிரதியாகிவிடும், பகிர்ந்துகொள்ள முடியாது, நினைவகமும் போகும்.

நாங்கள் ஒரு வெளி நிறுவனத்திடமிருந்து வாங்கிய லைப்ரரி ஒன்று இந்த வார்னிங்கைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. சொல்லிப் பார்த்தோம், "ஓடுகிறது அல்லவா" என்று பதில் வந்தது. ஆண்ட்ராய்டு 6.0ல், அதாவது செயலி ஏபிஐ 23ஐ (6.0 பதிப்பின் நிலை எண்) குறிவைத்தால், அது எர்ரராகிவிட்டது, லைப்ரரியே ஏறாது. செயலி அந்த நிலைக்குப் போக வேண்டிய நாள் வந்தபோதுதான் அவர்கள் அசெம்பிளிக் கோப்பைத் திருத்தி அனுப்பினார்கள். முன்கூட்டியே எங்களிடம் தகவல் இருந்ததற்குக் காரணம் அந்தத் தொல்லைபிடித்த வார்னிங்தான். சத்தம் என்று அதை எடுத்திருந்தால் ஒரு நாள் காலையில் திடீரென்று செயலி திறக்காமல் போயிருக்கும்.

ஆகவே கோரிக்கையை "வார்னிங்கை எடு" என்று வைக்காதீர்கள்.

#10 முகிலன்_வ

டெக்ஸ்ட் ரீலொக்கேஷனும் பை பிட்டும் ஒன்றா? அதில் ஆபத்து இருந்தது, இதில் எதுவுமே இல்லை. நீங்கள் சொல்லும் எடுத்துக்காட்டு என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. ஒரே "வார்னிங்: லிங்கர்" என்ற தலைப்பில் உயிர் போகிற விஷயமும் ஒன்றுமில்லாத விஷயமும் சேர்ந்து வந்தால், வாசிக்கிறவன் இரண்டையும் வாசிக்க மாட்டான்.

#11 பழைய_கெர்னல்

இருவரும் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். கெர்னல் பக்கத்தில் இதே விவகாரம் 2018ல் நடந்தது, அதைச் சொல்கிறேன். ஒரு லோடரில் வார்னிங்கை எப்படி எடுக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

லினக்ஸின் எல்ஃப் லோடர் ஒரு துண்டை குறிப்பிட்ட முகவரியில் வைக்க மேப் ஃபிக்ஸ்ட் என்ற கொடியை (ஃபிளாக்) பயன்படுத்தி வந்தது. அந்தக் கொடிக்கு ஒரு முரட்டுக் குணம் உண்டு. கேட்ட இடத்தில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அதை வாய் திறக்காமல் தூக்கிவிட்டு இதை வைக்கும். அங்கே இருந்தது ஸ்டாக்காக, அதாவது நிரலின் தற்காலிக நினைவகமாக, இருந்தாலும் அதே கதிதான். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ 2017-1000253 என்று பதிவான ஓட்டை அந்த வகை. அதனால் மிக்கால் ஹோக்கோ என்ற கெர்னல் டெவலப்பர், இடம் காலியாக இல்லாவிட்டால் தோற்றுப்போகிற புதுக் கொடியைக் கொண்டு வந்தார், மேப் ஃபிக்ஸ்ட் நோரீபிளேஸ். கெர்னல் 4.17ல் எல்ஃப் லோடர் அதற்கு மாறியது. கூடவே ஒரு செய்தியும் சேர்ந்தது: "உஹூ, எல்ஃப் துண்டு இந்த முகவரியைக் கேட்டது, ஆனால் அந்த நினைவகம் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கிறது" என்ற பொருளில்.

நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் செய்தியை எந்த நிபந்தனையில் அச்சிட்டார்கள் என்று பாருங்கள். பொருத்தும் அழைப்பு தோற்றால், எந்தக் காரணத்தால் தோற்றாலும், அச்சிடு. கணினியில் நினைவகம் தீர்ந்துபோய் அழைப்பு தோற்றாலும் "அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது" என்று லாகில் எழுதும். நினைவக நெருக்கடி வரும் நேரத்தில் பிராசஸ்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் இந்தப் பொய்யான வரி.

அந்தச் செய்தியிலேயே அதற்குத் துப்பு இருந்தது. முகவரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், திரும்பி வந்த மதிப்பையும் அச்சிட்டிருந்தார்கள். பதினைந்து எஃப், கடைசியில் ஒரு 4. பார்த்தால் ஏதோ பெரிய முகவரி மாதிரி இருக்கும். குறியுள்ள எண்ணாகப் படித்தால் அது கழித்தல் 12, அதாவது நினைவகம் இல்லை என்ற பிழை எண். இடம் காலியாக இல்லை என்பதற்கான எண் 17. இரண்டும் வேறு.

தெட்சுவோ ஹண்டா அனுப்பிய திருத்தம் செய்தியை எடுக்கவில்லை. நிபந்தனையைச் சுருக்கியது. பிழை எண் 17 ஆக இருந்தால் மட்டும் சொல், மற்றபடி வாயைத் திறக்க வேண்டாம். அடைப்புக்குறிக்குள் இருந்த அந்தக் குழப்ப எண்ணும் போனது. இன்னொன்றும் செய்தார். 4.15லிருந்து கெர்னல், சாதாரண முறையில் அச்சிடும் முகவரிகளை மறைத்து, ஹாஷ் செய்துதான் காட்டும். எந்த முகவரியில் மோதல் என்று சொல்ல வந்த செய்தியில் முகவரியே பொய்யாக இருந்தால் யாருக்குப் பயன்? அதனால் உண்மை முகவரி வரும் வடிவத்துக்கு மாற்றினார்.

அதன் பிறகு அந்த வரி லாகில் வந்தால், வந்த காரணம் உண்மையாகவே அதுதான்.

ஆண்ட்ராய்டு லிங்கரிலும் இதே நோய்தான். பைட்டுப்பித்தன் சொன்னதைத் திரும்பப் பாருங்கள், செய்தி 8000001 என்று மொத்த மதிப்பையும் காட்டுகிறது. அதில் 1 லிங்கருக்குத் தெரிந்த பிட். தெரியாத பிட்டை மட்டும் காட்டியிருந்தால் 8000000 என்று வந்திருக்கும், தேடுகிறவன் நேராக பை பிட்டில் போய் நின்றிருப்பான். டீச்சர் மாதிரி ஒருவர் அந்த எண்ணை வைத்து எங்கே போய்த் தேடுவார்?

#12 கடலோரம்

ஐயா, இதை நான் முழுதாக ஏற்கிறேன். நிபந்தனையைச் சுருக்குவது வேறு, வாயை அடைப்பது வேறு. என் கவலை இரண்டாவதைப் பற்றித்தான்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். லிங்கர் குழு இதைப் பிற்பாடு நன்றாகவே கற்றுக்கொண்டது. இப்போதைய லிங்கரில் ஒரு வகை வார்னிங் உண்டு. இன்ன காரியம் இன்ன ஏபிஐ நிலையிலிருந்து வேலை செய்யாது, உன் செயலி இன்னும் இந்தப் பழைய நிலையைக் குறிவைப்பதால் இப்போதைக்கு விடுகிறேன் என்று சொல்லி, விவரம் இருக்கிற பக்கத்தின் முகவரியையும் சேர்த்துத் தரும். அதைப் படிக்கிறவருக்கு என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்று இரண்டும் தெரிந்துவிடும். அப்படி எழுதப்பட்ட வார்னிங் தினமும் வந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

#13 நெல்லைத்தம்பி

ஒரு சந்தேகம் ஐயா. கெர்னல் செய்தி டிமெசேஜ் என்ற கெர்னலின் சொந்த லாகில்தானே வரும்? அது யார் கண்ணிலும் படாதே, அதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

#14 பழைய_கெர்னல்

சாதாரணமாகப் போனில் விளையாடுகிறவர் கண்ணில் படாது தம்பி. சர்வர் பார்த்துக்கொள்கிறவருக்கு அந்த லாக்தான் கண். இரவில் இயந்திரம் திணறிய பிறகு காலையில் உட்கார்ந்து அந்த லாகை வரிவரியாகப் படிப்பார். நினைவகம் தீர்ந்ததுதான் மூலகாரணம் என்றிருக்கும்போது, "எல்ஃப் துண்டு மோதல்" என்று வரிகள் குவிந்திருந்தால் அவர் பைனரியையும் கம்பைலரையும் சந்தேகப்பட்டு ஒரு நாளைத் தொலைப்பார். அந்த லாகின் அளவுக்கும் எல்லை உண்டு, வட்டமாகச் சுற்றும், புதிது வர வரப் பழையது அழியும். பயனில்லாத வரி பயனுள்ள வரியைத் தள்ளிவிடும்.

இது கெர்னலில் ரொம்பப் பழைய கவலை. ஏ.அவுட் என்ற பழைய கோப்பு வடிவத்துக்கான லோடரில் (டீச்சரின் கோப்புப் பெயர் அல்ல), பக்க எல்லையில் ஒழுங்காக நிற்காத நிரலைக் கண்டால் "பக்க எல்லையில் இல்லை" என்று ஒரு குறிப்பு எழுதி வந்தது. அதை அடுத்தடுத்து எழுதாமல் ஐந்து வினாடிக்கு ஒரு முறைதான் எழுதும்படி கட்டியிருந்தார்கள். கடைசி முறை எப்போது எழுதினோம் என்று ஒரு மாறியில் வைத்துக்கொள்ளும், அவ்வளவு எளிமை. ஸ்டாக்கை ஓடவிடும் அனுமதியோடு ஒரு பிராசஸ் கிளம்பினால் எச்சரிக்கிற செய்தி 5.6ல் வந்தது, அது இயந்திரம் அடுத்த முறை பூட் ஆகும் வரை ஒரே ஒரு முறைதான் வரும். முதலில் எந்த நிரல் மாட்டியதோ அதன் பெயர் மட்டும்.

ஒரே முறை என்பதிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. இரண்டாவது நிரலுக்கும் அதே குறை இருந்தால் அது தெரியாமலே போகும். ஆனால் ஒவ்வொரு எக்ஸெக்குக்கும், அதாவது ஒவ்வொரு நிரல் தொடக்கத்துக்கும், எழுதினால் லாக் தாங்காது. லோடர் என்பது ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடினாலே நூறு முறை கூப்பிடப்படுகிற இடம்.

#15 முகிலன்_வ

அந்த நோரீபிளேஸ் கதை அதோடு முடியவில்லை என்பதையும் சொல்லிவிடலாம். பழைய கருவிகளால் கட்டிய சில நிரல்களில், ஒரே கோப்பின் துண்டுகளே ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும். முரட்டுக் கொடி இருந்தவரை அவை ஓடிக்கொண்டிருந்தன. புதுக் கொடி வந்ததும் நின்றுபோயின. முதலில் ஒரு வகைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். 2019 அக்டோபரில் பழைய 32 பிட் எக்ஸ்86 நிரல்களில் இன்னொரு வகை கிளம்பியது. அப்போது லினஸ் டோர்வால்ட்ஸே நிரலின் துண்டுகளுக்கு அந்தக் கொடியை எடுத்துவிட்டு முரட்டுக் கொடிக்குத் திரும்பினார். கருவிதான் பழசு, ஆனாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததை உடைக்கக் கூடாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். இன்டர்பிரட்டரை, அதாவது லிங்கரை ஏற்றும் இடத்தில் மட்டும் புதுக் கொடியை விட்டுவைத்தார், அதைப் பற்றி அதுவரை யாரும் புகார் சொல்லவில்லை என்பதால்.

பிறகு 5.16ல் திரும்பக் கொண்டு வந்தார்கள். இந்த முறை நிரலின் மொத்த நீளத்துக்கும் முதல் துண்டிலேயே இடம் பிடித்து, அந்த முதல் பொருத்தலுக்கு மட்டும் புதுக் கொடி. உள்ளே நிரலின் சொந்தத் துண்டுகள் தங்களுக்குள் மோதினால் பரவாயில்லை, வெளியாள் இடத்தில் கை வைக்கக் கூடாது. அதிலும் வழக்கத்துக்கு மாறான நிலைமுகவரி நிரல்கள் சில அடிபட்டு, 2022ல் இன்னொரு திருத்தம் வந்தது.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் கடலோரம் சொன்னதுதான். லோடரில் ஒரு செய்தி வருகிறதென்றால், அதன் பின்னால் ஒரு முடிவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "உஹூ" வந்தால் நிரல் ஓடாது. அங்கே செய்தியை மட்டும் எடுத்திருந்தால் காரணமே சொல்லாமல் நிரல் செத்திருக்கும், அது இன்னும் மோசம். பை பிட் விஷயத்தில் பின்னால் எந்த முடிவும் இல்லை. லிங்கர் அந்த பிட்டைப் புறக்கணித்துவிட்டு எப்போதும்போல ஓட்டுகிறது. புறக்கணிப்பதால் பயனருக்கு எதுவும் மாறாது என்றால் அதை அவர் முகத்தில் அச்சிடுவானேன்? லாக்கேட்டில் (ஆண்ட்ராய்டின் லாக்) எழுதினால் போதும். லிங்கர் அங்கேயும்தான் எழுதுகிறது. ஸ்டாண்டர்ட் எர்ரர் நிரலுக்குச் சொந்தமானது. திருமண வீட்டில் மைக்கைப் பிடித்து, வெளியே வண்டி நிறுத்திய இடத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறது இது.

#16 கடலோரம்

எல்லா பிட்டும் அப்படி இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அதே ஃபிளாக்ஸ் 1ல் நோடெலீட் என்று ஒன்று உண்டு, லைப்ரரியை மூடினாலும் நினைவகத்திலிருந்து எடுக்காதே என்று அர்த்தம். அதை நம்பி எழுதிய லைப்ரரியை, அந்த பிட் தெரியாத லோடர் எடுத்துவிட்டால் பிறகு எங்கோ ஒரு மூலையில் கிராஷ் ஆகும். தெரியாத பிட் ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம், உயிர்நாடியாகவும் இருக்கலாம், லோடர் எழுதும் அன்றைக்கு எது எது என்று தெரியாது. அதனால் தெரியாததைக் கண்டால் சொல்வது என்று அவர்கள் எடுத்த முடிவை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். எங்கே சொல்வது, எப்படிச் சொல்வது என்பதில்தான் எனக்கு உங்களோடு உடன்பாடு.

#17 பைட்டுப்பித்தன்

அதில் சண்டை இல்லை. அதனால்தான் எல்ஃப் கிளீனரையும் கண்ணை மூடிக்கொண்டு எல்லா லைப்ரரிக்கும் ஓட்டக் கூடாது. அது வார்னிங்கை அணைப்பதற்காக, கோப்பில் இருக்கிற தகவலை நீக்குகிறது. உங்கள் போனின் லிங்கர் அந்தத் தகவலை எப்படியும் பார்க்காது என்றால் நஷ்டமில்லை. ஆனால் அதே கோப்பைப் புதுப் போனுக்குக் கொண்டு போனால், அங்கே அந்தத் தகவலைப் படிக்கத் தெரிந்த லிங்கர் இருக்கும். எடுத்துக்காட்டாக ரன்பாத் வரி, லைப்ரரியை எங்கே தேட வேண்டும் என்று சொல்வது, ஆண்ட்ராய்டு 7.0லிருந்துதான் லிங்கர் அதை மதிக்கிறது. குறியீட்டுப் பதிப்பு விவரங்கள் (எந்தப் பதிப்பின் ஃபங்ஷன் வேண்டும் என்பது) 6.0லிருந்து. பழைய போனுக்காக அதை வெட்டிவிட்டு புதுப் போனில் வைத்தால் லைப்ரரி கிடைக்கவில்லை என்று நிற்கும். எந்த ஏபிஐ நிலைக்காகச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்ல அந்தக் கருவியில் ஒரு விருப்பம் இருப்பது இதற்காகத்தான்.

டீச்சரின் விஷயத்தில் இந்தக் கவலை இல்லை. அந்தந்தப் போனில் கட்டி அந்தந்தப் போனிலேயே ஓட்டுகிறார்கள்.

#18 செல்வி_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. மேக்ஃபைலில் லிங்க் வரிக்குக் கீழே கிளீனரைப் போட்டுவிட்டேன், ஆண்ட்ராய்டு 8 போன்களில் வார்னிங் போய்விட்டது, சரிபார்க்கும் ஸ்கிரிப்டும் 2>&1 உடனேயே சரியாக ஓடுகிறது. கூடவே ஒரு மாணவி அந்த 08 பைட்டைத் தானே பார்க்க வேண்டும் என்று கேட்டு, ஹெக்ஸ் எடிட்டரில் மாற்றி ஓட்டியும் காட்டினாள். அடுத்த வாரம் எல்லாருக்கும் அதையே பாடமாக வைக்கலாம் என்றிருக்கிறேன்.

இரண்டு சந்தேகம் மிச்சம். ஒரு பையனின் போன் 32 பிட். அதிலும் இதே முறைதானா? அப்புறம், ஒரு போனில் மட்டும் கிளீனர் "டெக்ஸ்ட் ஃபைல் பிஸி" என்று சொல்லி நின்றுவிட்டது.

#19 பைட்டுப்பித்தன்

32 பிட்டிலும் பிட் அதேதான், கருவியும் அதேதான். கையால் செய்து பார்ப்பதாக இருந்தால் மட்டும் ஒரு வித்தியாசம், பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் 16க்குப் பதில் 8 பைட்தான், குறிக்கு நான்கு, மதிப்புக்கு நான்கு. 01 00 00 08 என்று நின்றுவிடும், பின்னால் வரும் நான்கு பூஜ்யங்கள் இருக்காது. 64 பிட் கோப்பை மனத்தில் வைத்து எட்டு பைட் என்று எண்ணினால் அடுத்த வரியின் குறிக்குள் போய்விடுவார்கள், அதைப் பாடத்தில் சொல்லிவிடுங்கள்.

"டெக்ஸ்ட் ஃபைல் பிஸி" என்றால் அந்த நிரல் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற நிரலின் கோப்பில் எழுத கெர்னல் விடாது. இன்னொரு டெர்மக்ஸ் செஷனில் அந்தப் பிள்ளை நிரலை உள்ளீட்டுக்காகக் காத்திருக்கும்படி விட்டிருக்கும். அந்த செஷனுக்குப் போய் கன்ட்ரோல் சி கொடுத்து நிறுத்திவிட்டு மறுபடி மேக் செய்யச் சொல்லுங்கள்.